இரைகிற எக்ஸோஸ்ட் ஃபேன்: சத்தத்தை வைத்துக் குறையைப் பிடிக்கும் வழி

காலையில் கடை திறந்ததும் தடதடத்து, வெயில் ஏறியதும் தானாக அடங்கிவிடுகிற ஃபேன் ஒன்று. பகலெல்லாம் சாதுவாக ஓடி, இரவுக் கொத்து நேரத்தில் மட்டும் உறுமுகிற ஃபேன் இன்னொன்று. இரண்டையும் "ஃபேன் சத்தம் போடுது" என்றே சொல்கிறோம். ஆனால் முதலாவதற்குத் தேவை சுரண்டியும் சுடுநீரும், இரண்டாவதற்குத் தேவை மல்டிமீட்டர். ஆகவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இரண்டு நாள் கவனித்து ஒரு துண்டுத் தாளில் எழுதி வையுங்கள்: சத்தம் எத்தனை மணிக்கு வருகிறது, எப்போது நிற்கிறது, வெளியில் மூடுபனியா காற்றா மழையா, குசினிக் கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா. இலங்கையின் மலையகத்தில் ஒரே நாளுக்குள் குளிர், அடுப்புச் சூடு, மூடுபனி, இரவு வோல்டேஜ் இறக்கம் எல்லாம் வந்துபோவதால், இந்தத் துண்டுத் தாளே பாதி வேலையை முடித்துவிடும்.

இங்கே சொல்வது இரண்டு வகை ஃபேனுக்கு: சுவரில் ஓட்டை போட்டுப் பொருத்திய, வெளிப்பக்கம் தகரத் தட்டிகள் உள்ள 16 முதல் 24 அங்குல ஃபேன், கூரையிலோ பின்சுவரிலோ பெட்டிக்குள் இருந்து ஹூட் (அடுப்புக்கு மேலே புகையைப் பிடிக்கும் தகர மூடி), டக்ட் (புகை போகும் தகரக் குழாய்) வழியாகப் புகையை இழுக்கிற, பெரும்பாலும் பெல்ட்டில் ஓடும் உருளைச் சக்கர ஃபேன்.

தொடுவதற்கு முன்

ஃபேனுக்குரிய ஐசோலேட்டரை (கரண்டை முழுதாகத் துண்டிக்கும் தனிச் சுவிட்ச்) அணைத்துப் பூட்டி, சாவியை ஏறுகிறவர் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே நிற்கும் பையனிடம் "சுவிட்சைப் போடாதே" என்று சொல்லிவிட்டு ஏறுவது போதாது. இன்னொருவர் அடுப்பு மூட்ட வந்து சுவிட்சைத் தட்டிவிடுவார். மோட்டர் முனைகளில் கரண்ட் இல்லை என்பதை மல்டிமீட்டரால் பார்த்து உறுதிசெய்யுங்கள். கேஸ், விறகு இரண்டையும் அணையுங்கள். ஃபேன் நின்ற குசினியில் அடுப்பு எரிந்தால் புகை உள்ளேயே தங்கும்.

இங்கே கூடுதலாக இரண்டு ஆபத்துகள் உண்டு. பாசி பிடித்த தகரக் கூரை வழுக்கும். அஸ்பெஸ்டஸ் ஷீட் மிதித்த இடத்தில் உடையும். கீழே மரச்சட்டம் ஓடும் இடத்தைப் பார்த்துப் பலகை போட்டு, அதன் மேலே மட்டும் நடங்கள். இரண்டாவது, கரண்ட் இல்லாமலேயே ஃபேன் சுற்றும். மலைக்காற்று வெளியிலிருந்து அடித்தால் இறக்கைகள் பின்பக்கமாகத் திரும்பத் தொடங்கிவிடும். கையை உள்ளே விடுமுன் சக்கரத்துக்கும் கூட்டுக்கும் நடுவே மரத்துண்டு ஒன்றை ஆப்பாக வையுங்கள். வேலை முடிந்ததும் அதை எடுக்க மறக்காதபடி சிவப்புத் துணி கட்டிவிடுங்கள்.

அணைத்துக் கேளுங்கள்

குறை எந்தப் பக்கம் என்று பிரித்துக் காட்டும் சோதனை இது. செலவில்லை, ஒரு நிமிடம் போதும். ஃபேன் முழு வேகத்தில் சத்தம் போடும்போது சுவிட்சை அணைத்துவிட்டு, சக்கரம் ஓய்ந்து நிற்கும்வரை கேளுங்கள்.

சுவிட்ச் அணைந்த அதே கணத்தில் சத்தமும் அறுந்து போனால் குறை கரண்ட் பக்கம். வேகம் குறையக் குறையச் சத்தமும் மெல்ல இறங்கினால் சக்கரம், பேரிங், பெல்ட் இந்த மூன்றில் ஒன்று. இறங்கிவரும் வழியில் ஏதோ ஒரு வேகத்தில் மட்டும் சத்தம் திடீரென்று பெருத்து, பிறகு அடங்கினால் ஃபேன் நிற்கிற ஸ்டாண்டோ டக்ட் தகடோ அந்த வேகத்துக்குச் சேர்ந்து அதிர்கிறது. சக்கரம் நின்ற பிறகும் படபடப்பு கேட்டால் அது ஃபேனே இல்லை. வெளித்தட்டியைக் காற்று ஆட்டுகிறது.

இதன் பிறகு இன்னும் இரண்டு: அடுப்பெல்லாம் அணைந்திருக்கும்போது ஹூட்டின் பில்டர்களைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள், பில்டரை மாட்டிவிட்டுக் குசினிக் கதவை அகலத் திறந்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். இவற்றில் எதிலாவது சத்தம் மாறினால் பிரச்சினை காற்றுப் பாதையில். மோட்டரைக் கழற்ற வேண்டாம்.

காலையில் தடதட, பத்து மணிக்குமேல் அடங்கும்

மலையகத்தில் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படும் குறை இதுதான். "குளிரில் மோட்டர் இறுகிவிட்டது, சூடானால் சரியாகும்" என்று விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி மோட்டர் அல்ல, எண்ணெய்.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும். பாம் எண்ணெய் அதைவிட முன்னதாகவே கெட்டிப்படத் தொடங்கும். வடையும் ரோல்ஸும் பொரிக்கும்போது ஆவியாக மேலே போகிற எண்ணெய் இறக்கைகளில் படிகிறது. கடை மூடி ஃபேனை நிறுத்தியதும் இன்னும் சூடாக இருக்கும் அந்தப் படிவு சக்கரத்தின் கீழ்ப்பகுதிக்கு வழிந்து இறங்கும். நுவரெலியாவில் இரவுக் குளிர் 10 பாகை அளவுக்கு வரும்போது அங்கேயே மெழுகு மாதிரி உறைந்துவிடும். காலையில் சுவிட்சைப் போட்டால் சக்கரத்தின் ஒரு பக்கம் மட்டும் பாரம்.

அந்தப் பாரம் எவ்வளவு என்று கணக்குப் போட்டால் அலட்சியம் வராது. 400 மில்லிமீற்றர் விட்டமுள்ள சக்கரத்தின் விளிம்பில் 50 கிராம் எண்ணெய் உறைந்திருக்கிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும்போது அது ஷாஃப்ட்டை ஏறத்தாழ 23 கிலோ எடை தொங்குவதற்குச் சமமாக இழுக்கும். அதுவும் ஒரே பக்கமாக அல்ல, நொடிக்கு 24 தடவை திசை மாறி மாறி. அடுப்புச் சூட்டில் எண்ணெய் இளகி விளிம்பெல்லாம் பரவியதும் பாரம் சமமாகிச் சத்தம் அடங்குகிறது. ஆனால் தினமும் காலை இரண்டு மணி நேரம் வாங்கிய அடி பேரிங்கில் தங்கிவிடும். சில மாதத்தில் "கரகர" ஆரம்பிக்கும்போது பேரிங்கை மட்டும் மாற்றிவிட்டு, எண்ணெயை அப்படியே விட்டால் புதுப் பேரிங்கும் அதே வழியில் போகும்.

சுத்தம் செய்யும் முறை:

1. கூட்டின் பக்கக் கதவைத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். உருளைச் சக்கரத்தில் இறக்கைகளின் குழிவுக்குள்தான் படிவு நிற்கும். பின்சாய்ந்த இறக்கையாக இருந்தால் முதுகுப்பக்கம் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும், ஏமாற வேண்டாம்.

2. மரச் சுரண்டியோ பிளாஸ்டிக் சுரண்டியோ எடுத்து உறைந்ததை வழித்தெடுங்கள். குளிரில் உறைந்திருக்கும்போது செய்தால் கட்டி கட்டியாகப் பெயர்ந்துவரும், சூடேறினால் குழம்பாகிவிடும். ஆகவே விடியற்காலையே நல்ல நேரம்.

3. மிச்சத்தை 60 பாகைக்கு மேற்பட்ட சுடுநீரும் கிரீஸ் நீக்கும் சோப்புத் திரவமும் கொண்டு கழுவுங்கள். காஸ்டிக் சோடாவை அலுமினிய இறக்கையில் போடாதீர்கள். உலோகத்தை அரித்து, தீப்பிடிக்கும் ஐதரசன் வாயுவை வெளிவிடும். நாகம் (துத்தநாகம்) பூசிய தகட்டின் பூச்சையும் அது தின்றுவிடும்.

4. எல்லா இறக்கைகளையும் ஒரே அளவுக்குச் சுத்தம் செய்யுங்கள். கைக்கு எட்டிய பாதியை மட்டும் கழுவினால் முன்பைவிட மோசமாக ஆடும்.

5. இறக்கை விளிம்பில் சின்னச் சின்ன உலோகக் கிளிப்புகள் இருந்தால் அவை அழுக்கல்ல. தொழிற்சாலையில் எடை சமன் செய்யப் போட்டவை. கழற்றக்கூடாது.

மோட்டர் மேலும் பேரிங் மேலும் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். பொலித்தீன் சுற்றிவிட்டுக் கழுவுங்கள்.

காய்ந்ததும் சமன் பாருங்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றி தானாக நிற்கவிடுங்கள். அடியில் நிற்கிற இடத்தைச் சோக்கால் குறியுங்கள். ஐந்து தடவை செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடம் அடியில் வந்தால் நல்லது. அதே குறி திரும்பத் திரும்ப அடிக்கு வந்தால் அந்தப் பக்கம் பாரம் இருக்கிறது. முதலில் அங்கே படிவு மிஞ்சியிருக்கிறதா, எதிர்ப்பக்கத்தில் ஒரு கிளிப் விழுந்துவிட்டதா என்று பாருங்கள். இரும்புச் சக்கரமானால் எதிர்ப்பக்கம் சின்னக் காந்தத் துண்டுகளை ஒட்டிச் சரியான எடையைக் கண்டுபிடித்து, அதே எடைக்கு வாஷரை ரிவெட் அடிக்கலாம். காந்தத்தை ஒட்டியபடியே மோட்டரைப் போட்டால் அது தோட்டா மாதிரிப் பறக்கும். கையால் சுற்றிப் பார்க்க மட்டுமே அது. அகலமான உருளைச் சக்கரத்துக்கு இந்தக் கைச்சோதனை போதாது, இரு முனையும் தனித்தனியாகச் சமன் செய்யும் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். கழுவிய சக்கரத்தில் இறக்கை சேரும் இடங்களில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அதை வெல்டிங் வைத்து ஒப்பேற்றாமல் சக்கரத்தையே மாற்றுங்கள்.

இந்தக் குறை திரும்ப வராமலிருக்க இரண்டு பழக்கம். அடுப்பை அணைத்த பிறகு 15 முதல் 20 நிமிடம் ஃபேனை ஓடவிடுங்கள். மிச்ச ஆவி வெளியே போய், படிந்ததும் ஒரு பக்கம் வழியாமல் சுற்றியபடியே ஆறும். கூட்டின் அடியில் இருக்கும் வடிகால் துளையைக் கிழமைக்கு ஒரு தடவை கம்பியால் குத்திவிடுங்கள். அது அடைத்தால் எண்ணெயும் மழைத்தண்ணீரும் அடியில் தேங்கி, சக்கரம் அதில் உரசி "சளசள" என்று கேட்கும். தேங்கிய எண்ணெய் சத்தத்தோடு நிற்பதில்லை. கீழே அடுப்பில் தீ எழும்பினால் அந்த எண்ணெய்தான் டக்ட் முழுவதும் தீயைக் கொண்டுபோகும்.

"கிரீச்" என்று அலறல்

தொடங்கும்போது நீளமாக அலறி, ஒரு நிமிடத்தில் நின்றால் பெல்ட் வழுக்குகிறது. மூடுபனி ஈரம் பெல்ட்டில் படிந்த காலைகளில் இது கூடும். ஈரத்தில் மட்டும் அலறுகிற பெல்ட் ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஓடும்போதெல்லாம் குருவி மாதிரி "கீச் கீச்" என்று விட்டுவிட்டுக் கேட்டால் தளர்ச்சியைவிட நேர்க்கோடு தப்பியிருப்பதையே சந்தேகப்படுங்கள்.

பெல்ட்டின் இழுவை பார்க்க: இரண்டு புல்லிக்கும் நடுவே பெல்ட்டைப் பெருவிரலால் அழுத்தினால், ஒரு மீற்றர் இடைவெளிக்கு 16 மில்லிமீற்றர் கணக்கில் இறங்க வேண்டும். புல்லிகளின் மையங்கள் அரை மீற்றர் தள்ளி இருந்தால் 8 மில்லிமீற்றர். நேர்க்கோடு பார்க்க: பெரிய புல்லியின் முகத்தோடு ஒட்டி ஒரு நூலை இழுத்துப் பிடித்து சின்னப் புல்லிவரை கொண்டுபோங்கள், இரண்டு புல்லியும் ஒரே தடிப்பானால் நூல் நான்கு விளிம்பிலும் தொட வேண்டும். புல்லியின் பள்ளத்தையும் பாருங்கள். பெல்ட்டின் முதுகு விளிம்போடு சமமாக நிற்க வேண்டும். உள்ளே அமிழ்ந்து, பள்ளத்தின் அடி கண்ணாடி மாதிரி மினுங்கினால் தேய்ந்தது புல்லி. புதுப் பெல்ட் போட்டும் அலறும்.

பெல்ட் வாங்கும்போது முதுகில் உள்ள எழுத்தையும் எண்ணையும் எழுதிக்கொண்டு போங்கள். "ஏ 42" என்றால் 13 மில்லிமீற்றர் அகலமுள்ள ஏ வகை, உள்நீளம் 42 அங்குலம். பி வகை 17 மில்லிமீற்றர் அகலம். ஏ பள்ளத்தில் அதை அழுத்திப் போட முயல வேண்டாம். இரட்டைப் பெல்ட் ஃபேனில் ஒன்று அறுந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லாவிட்டால் புதியது மட்டும் பாரம் சுமந்து சீக்கிரம் அறும். ஸ்குரூ டிரைவரால் நெம்பி ஏற்றாமல், மோட்டர் அடிப் போல்ட்டுகளைத் தளர்த்தி மோட்டரை நகர்த்திப் போடுங்கள். ஒரு நாள் ஓடிய பிறகு இழுவையை மறுபடி சரிபாருங்கள், புதுப் பெல்ட் கொஞ்சம் நீளும். சோப்புக் கட்டியோ தேங்காய் எண்ணெயோ தடவினால் அலறல் அன்றைக்கு நிற்கும், வழுக்கல் கூடும். தேவைக்கு மேல் இறுக்கினாலும் அலறல் நிற்கும். விலை பேரிங்கின் ஆயுள்.

"கரகர", பிறகு "கொரகொர"

பேரிங். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையைப் பேரிங் கூட்டில் வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேளுங்கள்; சுற்றும் எதிலும் முனை படக்கூடாது. நல்ல பேரிங் ஒரே சீராக இரையும். கெட்டது மணல் அரைபடுவது போலக் கேட்கும். நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, ஷாஃப்ட்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள்; கைக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் பேச்சே இல்லை, மாற்ற வேண்டியதுதான். ஓடி நின்ற உடனே கூட்டைத் தொட்டால் கையை வைத்திருக்க முடியாத அளவு சூடு என்றால், அது 60 பாகையைத் தாண்டியிருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எண் பேரிங்கின் வளையத்திலேயே இருக்கும். 6203 என்றால் ஷாஃப்ட் 17 மில்லிமீற்றர், 6204க்கு 20, 6205க்கு 25. எண்ணின் பின்னால் வரும் எழுத்துதான் மலையகத்தில் முக்கியம். இசட்இசட் என்பது தகர மூடி: தூசியைத் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது. 2ஆர்எஸ் என்பது இரண்டு பக்கமும் ரப்பர் சீல். மூடுபனி தினமும் உள்ளே நுழையும் இடத்தில் 2ஆர்எஸ் கேட்டு வாங்குங்கள். மோட்டருக்குள் இருப்பதில் சி3 என்று இருந்தால் புதியதிலும் சி3 இருக்க வேண்டும். சூட்டில் விரிவதற்கான இடைவெளி அது.

புதுப் பேரிங்கை ஷாஃப்ட்டில் அடித்து ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டுமே தட்டுங்கள். ஷாஃப்ட்டில் ஏற்றும் பேரிங்கின் வெளிவளையத்தில் சுத்தியல் விழுந்தால் குண்டுகள் பாதையில் பள்ளம் பதிக்கும். பொருத்திய முதல் நாளே இரையும். இரண்டு பக்கத்தையும் சேர்த்து மாற்றுங்கள்.

நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சின்ன முனை) உள்ள பேரிங் கூடுகளுக்கு லிதியம் கிரீஸ், இரண்டாம் இலக்கத் தடிப்பு, கிரீஸ் கன்னால் இரண்டு மூன்று அழுத்து போதும். உள்வெளியின் மூன்றிலொன்று முதல் பாதிவரை நிரம்பினால் சரி. வழியும்வரை அடிப்பவர்கள் நல்லது செய்வதாக நினைக்கிறார்கள். நிரம்பி வழியும் பேரிங் கிரீஸையே கடைந்து சூடேறும், சீல் பிதுங்கும். சீல் பேரிங்குக்கு கிரீஸே வேண்டாம்.

ஏப்ரல் சீசன் முடிந்ததும் குசினியைப் பூட்டுகிற விடுதிகளுக்கு இன்னொரு சொல். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் ஃபேனின் பேரிங்கில் ஒரே இடத்தில் ஈரம் தங்கித் துருப்புள்ளி விழும். கிழமைக்கு ஒரு நாள் பத்து நிமிடம் ஓட்டுங்கள்.

"உம்ம்" என்று முனகல்

அணைத்த கணத்திலேயே நிற்கிற சத்தம் இது. ஒற்றை பேஸ் ஃபேன் முனகியபடி சுற்றாமல் நின்றால், அல்லது சோம்பலாகச் சுற்றினால், கப்பாசிட்டரைப் பாருங்கள். கடையில் கன்டென்சர் என்று கேட்டாலும் தருவார்கள். கரண்டை அணைத்து, தடையோடு (ரெசிஸ்டர்) கூடிய வயரால் மின்னூட்டத்தை இறக்கி, மீட்டரில் அளவெடுங்கள். மேலே எழுதிய மைக்ரோஃபரட்டை விடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் அதே அளவு, 450 வோல்ட் தாங்கும் ஒன்றைப் போடுங்கள். "பெரிதாகப் போட்டால் பலமாகச் சுற்றும்" என்பது மோட்டரை எரிக்கும் யோசனை. நின்ற இறக்கையைக் கையால் தள்ளி ஓட்டுவதும் வேண்டாம்; பிடித்துக்கொண்டால் விரல் போகும்.

வேகம் குறைக்கும் ரெகுலேட்டரில் மட்டும் முனகினால், ரெகுலேட்டரைத் தவிர்த்து நேராக வயர் கொடுத்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் மோட்டர் நல்லது, ரெகுலேட்டர்தான் பொருத்தமில்லை.

இரவில் மட்டும் முனகல் என்றால் வோல்டேஜ். மாலை 6.30 முதல் 10.30 வரை எல்லா வீட்டிலும் பாரம் ஏறும் நேரம். கம்பியின் கடைசியில் இருக்கும் கடைக்கு இறக்கம் அதிகமாக வரும். ஃபேன் ஓடும்போது மோட்டர் முனையில் அளவெடுங்கள். 230 வோல்ட்டுக்கு ஆறு சதவீதம் கீழே, அதாவது 216க்கும் கீழ் நின்றால் எழுதி வைத்து மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு அறிவியுங்கள். மீட்டர் பெட்டியில் 230 இருந்து, மோட்டரில் மட்டும் குறைந்தால் குறை உங்கள் வயரிலோ தளர்ந்த முனையிலோதான்.

மூன்று பேஸ் மோட்டரில் கிளாம்ப் மீட்டரை (வயரைச் சுற்றிப் பிடித்து அம்பியர் அளப்பது) மூன்று வயரிலும் ஒவ்வொன்றாகப் போடுங்கள். மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று பூச்சியம், மற்ற இரண்டு எகிறி நின்றால் ஒரு பேஸ் போய்விட்டது, உடனே அணையுங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாற்றியதும் மட்டும் இரைச்சல் கூடி, புகை இழுவை குறைந்தால் பேஸ் வரிசை மாறி ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. உருளைச் சக்கர ஃபேன் தலைகீழாகச் சுற்றினாலும் காற்றை அதே பக்கம்தான் தள்ளும், குறைவாகவும் சத்தமாகவும். அதனால் "காற்று வருதே" என்று ஏமாந்துவிடுவோம். கூட்டில் உள்ள அம்புக்குறியோடு ஒப்பிட்டு, ஜெனரேட்டர் பக்கத்தில் இரண்டு பேஸை மாற்றிப் போடச் சொல்லுங்கள்.

அம்பியர் அளவைப் படிக்கும்போது உயரத்தை மறக்கக்கூடாது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பை விட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. மெல்லிய காற்றைத் தள்ளும் ஃபேன் குறைந்த அம்பியரே எடுக்கும். ஆகவே பெயர்த்தகட்டில் உள்ளதை விடக் குறைவாகக் காட்டுவதால் மட்டும் எல்லாம் நலம் என்று சொல்ல முடியாது. சுத்தமாக ஓடும் ஒரு நாளில் அளவெடுத்து ஃபேன் கூட்டிலேயே எழுதி வையுங்கள். ஒப்பிட வேண்டியது அந்த எண்ணோடுதான். காற்று மெலிந்தால் மோட்டர் ஆறுவதும் குறையும். பொதுவான மோட்டர்கள் 1,000 மீற்றர்வரை என்று கணக்கிட்டுச் செய்யப்படுபவை.

புகை இழுவை போதவில்லை என்று மோட்டர் புல்லியைப் பெரிதாக்குகிறவர்களுக்கும் இங்கேயே சொல்ல வேண்டும். வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் மோட்டரின் பாரம் மூன்றில் ஒரு பங்கு கூடும். சத்தமும் கூடும். முதலில் பில்டரைக் கழுவுங்கள்.

விசில், அல்லது "ஹோ" என்ற இரைச்சல்

குளிருக்காகக் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு ஃபேனைப் போட்டால், வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர வழியில்லை. ஃபேன் மூச்சுத் திணறும். அடையாளங்கள்: கதவைத் திறக்கும்போது உள்ளே இழுக்கும், கதவிடுக்கில் விசில் கேட்கும், அடுப்புச் சுவாலை ஒரு பக்கம் சாயும். விறகுப் போறணையோ விறகடுப்போ அதே கட்டடத்தில் இருந்தால் அதன் புகைபோக்கி வழியாகப் புகை திரும்பி உள்ளே வரும். அந்தப் புகையில் காபனோரொட்சைட்டு (கார்பன் மோனாக்சைடு) என்ற நச்சு வாயு இருக்கும், உயிருக்கே ஆபத்து. இப்படித் திரும்புவதைக் கண்டால் உடனே கதவைத் திறந்துவிட்டுத்தான் மற்ற வேலை.

எவ்வளவு திறப்பு வேண்டும்? மணிக்கு 3,000 கன மீற்றர் தள்ளும் ஃபேனுக்கு, காற்று நொடிக்கு ஒன்றரை மீற்றர் வேகத்தில் நுழைவதாகக் கணக்கிட்டால் 75 சென்ரிமீற்றருக்கு 75 சென்ரிமீற்றர் திறப்பு. அடுப்புக்கு நேரெதிரே, குளிர்காற்று சமைப்பவரின் முதுகிலும் சுவாலையிலும் படாத இடத்தில் வையுங்கள். எலிக்காக அடித்த வலையும் எண்ணெய்த் தூசியால் அடைபடும், அதையும் கழுவ வேண்டும்.

கதவு திறந்தும் விசில் போகவில்லை என்றால் ஹூட்டைப் பாருங்கள். பில்டர்களுக்கு இடையே விரல் நுழையும் சந்து இருந்தால் அங்கேதான் விசில். மடிப்புகள் படுக்கையாக இல்லாமல் மேலிருந்து கீழாக நிற்கும்படி மாட்டுங்கள். அப்போதுதான் எண்ணெய் வடியும். ஃபேன் வாயருகிலேயே டக்ட் முழங்கை போல மடங்கியிருந்தால் காற்று ஒரு பக்கமாகக் குமைந்து சக்கரத்தில் மோதி இரையும். விட்டத்தின் மூன்று மடங்கு நீளமாவது நேராக வந்து சேர இடம் கொடுக்க வேண்டும்.

"டப் டப்", "டம்", "டக்"

தட்டி காற்றில் அடித்துக்கொள்வது ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்றில் வாடிக்கை. ஹப்புத்தளை போல முகட்டில் இருக்கும் ஊரில் சொல்லவே வேண்டாம். தட்டிகளின் முனையில் எண்ணெய் தாங்கும் சிலிக்கன் பட்டி ஒட்டுங்கள், தேய்ந்த பின்களை மாற்றுங்கள், வெளியே காற்றுக்கு முகம் கொடுக்காதபடி கீழ்நோக்கிய தகர மூடி போடுங்கள். தட்டியைக் கம்பியால் கட்டி மூடிவிடுவது மட்டும் கூடாது.

தொடங்கும்போதும் நிற்கும்போதும் ஒரே ஒரு "டம்" என்றால் டக்டின் அகலத் தகடு உள்ளே வெளியே மடங்குகிறது. 25 மில்லிமீற்றர் ஆங்கிள் இரும்பைக் குறுக்கே, 60 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக வெளிப்புறம் பொருத்துங்கள். தகட்டைத் துளைத்தால் எண்ணெய் கசியும்.

தொடக்கத்தில் "டக்" என்று இடித்தால் சக்கரத்தின் நடுக்குடம் ஷாஃப்ட்டில் தளர்ந்திருக்கிறது. கிரப் ஸ்குரூவை (குடத்தை ஷாஃப்ட்டோடு அழுத்திப் பிடிக்கும் தலையில்லா ஸ்குரூ) இறுக்குவதோடு விடாமல், கீயையும் (குடமும் ஷாஃப்ட்டும் சேர்ந்து சுற்ற நடுவே வைத்த இரும்புத் துண்டு) அதன் பள்ளத்தையும் கழற்றிப் பாருங்கள். பள்ளம் அகன்றிருந்தால் லேத் பட்டறை வேலை. அதுவரை ஓட்டக்கூடாது.

குசினியில் இல்லை, மேல்மாடி அறையில் கேட்கிறது

விடுதிகளில் வரும் முறைப்பாடு. ஃபேன் நல்லதாகவே இருக்கலாம். அதிர்வு சுவர் வழியே ஏறுகிறது. ஃபேனின் அடியில் உள்ள ரப்பர் கட்டைகளை நகத்தால் அழுத்திப் பாருங்கள். உள்ளூரில் சுலபமாகக் கிடைக்கும் இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிப் பிசுபிசுக்கும், பழசானால் கல்லாகும். இரண்டு நிலையிலும் அதிர்வைத் தடுக்காது. நியோபிரீன் அல்லது நைட்ரைல் ரப்பர், பாரமான ஃபேனுக்கு ஸ்பிரிங் கட்டைகள் போடுங்கள். நான்கையும் ஒரே நாளில் மாற்றுங்கள்.

டக்டும் ஃபேனும் சேரும் இடத்தில் துணி இணைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது கிழிந்ததால் தகடடித்து மூடியிருந்தால், அந்தத் தகடு வழியாகத்தான் சத்தம் மேலே போகிறது. எரியாத பூச்சுக் கண்ணாடி நார்த் துணி வாங்கி, தொய்வாக, முறுக்கில்லாமல் கட்டுங்கள். ரெக்சினும் கேன்வாசும் எண்ணெய் ஊறித் தீப்பிடிக்கும். பொருத்தியபின் ஒரு கையை ஃபேன் கூட்டிலும் மறுகையை டக்டிலும் வையுங்கள். கூட்டில் தெரிகிற துடிப்பு டக்டில் தெரியக்கூடாது. தெரிந்தால் எங்கோ ஒரு போல்ட்டோ வயர்க் குழாயோ இன்னும் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் அது மோட்டருக்கு வருகிற விறைப்பான வயர்க் குழாய்தான். கடைசி அரை மீற்றரை வளையும் குழாயாக மாற்றிவிடுங்கள்.